ஆடாத மேசை

என் கணவர் தரையில் உட்கார்ந்தே வேலை செய்து பழகியவர். சைகோனின் பெரிய சந்தைக்குப் பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு ஜவுளிக்கடை இருந்தது. அதன் பின்கட்டில் பாயை விரித்து, தையல் மிஷினின் தலைப்பாகத்தைக் கழற்றிக் கவிழ்த்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பழுது பார்ப்பார். கைகள் திருகாணியில் இருக்கும். மிஷினைத் திருப்புவதும் நிமிர்த்துவதும் கால்கள்தாம். கல்யாணமாகி நான் காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்த புதிதில் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவரும் சிரிப்பார்.

அந்தக் கால்களில் இடது கால் போயிற்று. தெத் என்கிற அவர்கள் புத்தாண்டுப் பண்டிகையில் மூண்ட சண்டை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். கடைக்கு நூல்கண்டு வாங்கப் போனவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலைக் கடக்கும்போது, அங்கே நிறுத்தியிருந்த சைக்கிளில் குண்டு வெடித்தது. யார் வைத்தது, யாருக்காக வைத்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் சைகோனில் அப்படிக் கேட்டுப் பதில் வாங்கியவர்கள் குறைவு. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீடு கான் ஹொய் என்கிற பகுதியில், துறைமுகத்துக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தாழ்வாரம். பிள்ளைகள் இல்லை. அவரை சிக்லோ என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் பின்னால் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். என்ன சமைப்பது என்று தெரியாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் அந்த வருஷமே கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் இவருடைய கருவிப்பெட்டியையும், பழுதுக்கு வந்து யாரும் வாங்கிப்போகாமல் கிடந்த மிஷின்களையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவை சுவரோரமாக வரிசையாக இருந்தன. இவர் கட்டிலிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

ஒருநாள் பாயை விரிக்கச் சொன்னார். நானும் விரித்தேன். அக்குளில் கை கொடுத்து மெதுவாகத் தரையில் இறக்கினேன். மிஷின் தலையை எடுத்து வைத்தேன். ஒற்றைப் பாதத்தால் அதைப் பிடிக்கப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை இழுத்து வைத்தார். இன்னொரு தடவையும் வழுக்கியது. எழுந்திருக்கவும் முடியவில்லை, நான்தான் தூக்கினேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுவாரம் சந்தையில் ஒரு மேசை வாங்கிவந்தேன். பார்க்க அழகாக இருந்தது. வார்னிஷ் பூசிய ஒல்லிக் கால்கள், மேலே மெல்லிய பலகை. நாற்காலியில் உட்கார்ந்து அதன்மேல் மிஷினை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். மேசை முழுக்கக் கிடுகிடுவென்று ஆடியது. கழற்றி வைத்த திருகாணிகள் உருண்டு தரையில் விழுந்தன. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். எழுந்திருக்க வேண்டி, மேசையின் விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கினார். ஒரு காலால் எழுகிற ஆளுக்குக் கைதான் இன்னொரு கால். உடம்பின் பாரம் முழுதும் விளிம்பில் இறங்கியதும் மேசை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டது. அவரும் மேசையும் மிஷினும் ஒன்றாக விழுந்தார்கள். ஆறிக்கொண்டிருந்த புண் பிளந்து ரத்தம் வந்தது.

நான் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டேன். வலிக்கிறது என்று சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு,

“விடு புள்ள. இனிமே எனக்காக எதையும் வாங்காத,” என்றார்.

அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோயிற்று. சோறு போட்டால் சாப்பிடுவார். கேட்டதற்குத் தலையாட்டுவார். காலையில் நான் கண்விழிக்கும்போது அவர் ஏற்கெனவே விழித்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தபடி இருப்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு வியட்நாமியப் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் அவளை சி ஹாய் என்று கூப்பிடுவேன். பெரியக்கா என்பதுபோல, அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு அதுதான் கூப்பிடும் பேர். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், செத்துப் பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன், சைகோன் அரசின் பட்டாளத்தில் இருந்தான். அக்கா விடியற்காலையில் சந்தின் முனையில் குருணைச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் விற்பாள். நாங்கள் கறி சாப்பிடாத நாட்களை எப்படியோ தெரிந்துவைத்துக்கொண்டு, அன்றைக்கு வெறும் சோறும் ஊறுகாயும் அனுப்புவாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டுப் பின்புறம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை ஓங்கி ஓங்கி இறக்குகிறாள்; அடியில் இருந்த மேசை ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அன்றுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. கிட்டே போய் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். சுவரைத் தள்ளுவதுபோல இருந்தது.

“இதை யாரு செஞ்சது?” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமியத்தில் கேட்டேன்.

“எங்க வீட்டுக்காரருதான். கப்பல்ல சரக்குக்கு அடியில போட்டு எடுத்துட்டு வர்ற கட்டை. சரக்கு எறங்கினதும் அதைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஏன், உனக்கு வேணுமா?”

“வேணும். இதைவிடப் பெரிசா.”

“யாரு செய்வாங்க?”

“நான்தான்.”

அவள் கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு சாக்குச் சுருளோடு வந்தாள். உள்ளே அவளுடைய புருஷனின் ரம்பமும், இரண்டு உளியும், துளைபோடுகிற தமரும் இருந்தன. உளிகளுக்குத் துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தாள்.

மரம் வாங்க நாங்கள் இருவருமாகப் போனோம். வாய்க்கால் கரையில் அந்தக் கட்டைகளைக் குவித்துவைத்து விற்பார்கள். பெரும்பாலும் விறகுக்குத்தான் போகும். உப்புத்தண்ணீரும் தாரும் கலந்த வாசனை. எந்தெந்த நாட்டு மரமோ. சிலவற்றின் மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் அச்சடித்திருந்தன. அக்கா ஒவ்வொரு கட்டையையும் கல்லால் தட்டிப் பார்த்தாள். உளுத்த சத்தம் வந்தால் தள்ளிவிட்டாள். கால்களுக்கு என் தொடைக் கனத்தில் சதுரக் கட்டைகளும், மேலுக்கு நீளமான பலகைகளும் பொறுக்கினோம். சிக்லோக்காரர் பாரத்தைப் பார்த்துவிட்டு, டயர் வெடித்தால் நீங்கள்தான் என்னையும் சேர்த்துத் தள்ள வேண்டும் என்றார். பாலம் ஏறும்போது உண்மையாகவே தள்ளினோம்.

வீட்டுக்குள் கட்டைகளைக் கொண்டுவந்து போட்டபோது அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

நான் அதற்கு முன்பு ரம்பத்தைக் கையில் பிடித்ததில்லை. முதல் வெட்டு கோணலாகப் போயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. ஆணி அடித்தால் சேர்ந்துவிடும் என்று நினைத்து இரண்டு கால்களைக் குறுக்குக் கட்டையோடு சேர்த்து அடித்தேன். பழைய மரம், விறைத்துப்போயிருந்தது. ஆணி பாதியிலேயே வளைந்தது; இன்னொன்று கட்டையின் நுனியைப் பிளந்துவிட்டது. பிளக்காமல் இறங்கிய இடத்திலும், பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது.

அக்கா வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தன் வீட்டு மேசையின் அடியில் என்னைக் குனியவைத்துக் காட்டினாள். அங்கே ஆணியே இல்லை. காலில் பாதிக் கனம் வெட்டியிருந்தது. குறுக்குக் கட்டையிலும் பாதிக் கனம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரவைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. அதையே நானும் செய்தேன். உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, பொருத்திப் பார்த்து, இறுகினால் இன்னும் கொஞ்சம் செதுக்கி. போல்ட்டுகள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. ராணுவ லாரியிலிருந்து கழற்றியவை என்றான் கடைக்காரன். சுண்டுவிரல் கனம்.

உயரம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவரிடம் கேட்டால் பதில் வராது. நாற்காலியில் உட்கார்ந்து அவர் சாப்பிடும்போது, சிந்திய சோற்றைத் துடைப்பதுபோலக் குனிந்து, தரையிலிருந்து அவருடைய முழங்கைவரை ஒரு நூலைப் பிடித்து அளந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கண்ணுக்குத் தப்பி நூல் போகாது. ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தார்.

இரண்டு பக்கச் சட்டங்களையும் செய்து முடித்துச் சுவரோடு நிறுத்தினேன். பின்பக்கம் மட்டும் நீளக் கட்டையும் ஒரு குறுக்குச் சாய்கட்டையும் கொடுத்தேன். முன்பக்கம் கீழே எதுவும் வைக்கவில்லை. வைத்தால் காலை நீட்ட இடம் இருக்காது, ஊன்றுகோலும் இடிக்கும். முன்னால் மேல்கட்டையை வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“எடது கால் உள்ள சாயுது பாரு.”

நான் திரும்பினேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவராகப் பேசிய பேச்சு அது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. தன் போர்வையைப் பார்த்தார். இடது பக்கம் அது தட்டையாகக் கிடந்தது. நான் சட்டென்று மேசைப்பக்கம் திரும்பிக்கொண்டு, அந்தக் காலின் அடியில் ஒரு மரச்சில்லைத் தட்டி இறக்கினேன். கண்ணில் நீர் முட்டியதில் சில்லு சரியாகத் தெரியவில்லை.

“இப்பச் சரியா இருக்குங்களா?” என்று திரும்பாமலே கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் தட்டு,” என்றார். “ம். போதும்.”

மேல்பலகைகளைத் தூக்கிவைக்க என் கையும் அக்காவின் கையும் போதவில்லை. நல்ல வேளையாக அக்காவின் மகன் விடுப்பில் வந்திருந்தான். ஒல்லியான, கழுத்து நீண்ட பையன். சீருடையில் பார்த்தால் யாருடைய சட்டையையோ கடன் வாங்கிப் போட்டதுபோல இருக்கும். அவனும் அவன் அம்மாவும் ஒரு முனை, நான் மறுமுனை. பலகைகளைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு, அவனே யோசித்து, மணல் மூட்டைகள் கொண்டுவந்தான். அந்தக் காலத்தில் சைகோனில் மணல் மூட்டைக்குப் பஞ்சமில்லை. எல்லா வாசலிலும் அடுக்கியிருக்கும். மேசையின் அடியில் இரண்டு ஓரங்களிலும் பலகை தைத்து, அவற்றின்மேல் மூட்டைகளை அடுக்கினான். நடுவில் ஆள் உட்கார மட்டும் இடம்.

“இனி இதை யானை வந்தாலும் நகர்த்த முடியாது, சித்தப்பா,” என்று அவரைப் பார்த்துச் சொன்னான். அவர்கள் மொழியிலும் சித்தப்பாவுக்கு ஒரு சொல் உண்டு.

அவர் கட்டிலிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே போனார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கத் தயாராக நின்றேன். உடம்பு மேலே எழுந்தது. நின்றார். ஒற்றைக் காலில், இரண்டு கைகளில்.

“ஆடல,” என்றார்.

அக்கா முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களைத்தான் நான் என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்று வைத்திருக்கிறேன். ஊருக்கு அவை நல்ல வருஷங்கள் இல்லை. பட்டாளத்துக்குச் சட்டை தைக்கிற பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய மிஷின்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. பாதங்கள் செய்த வேலையைச் செய்ய மேசையின் ஓரத்தில் ஒரு இடுக்கி பொருத்திக்கொண்டார். பலகையெல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்தது. பழையபடி வேலையின் நடுவே பாட்டு முணுமுணுக்கவும் ஆரம்பித்தார்.

சில நாட்களில் விடியற்காலையில் ராக்கெட் வந்து விழும். துறைமுகம் பக்கத்தில் என்பதால் எங்கள் பக்கமும் விழும். முதல் சத்தம் கேட்டதும் அக்கா சுவரோரமாக ஓடிவருவாள். மூவரும் மேசைக்கு அடியில் நுழைந்துகொள்வோம். இரு பக்கமும் மணல் மூட்டை, பின்னால் சுவர், மேலே கப்பல் மரம். அவரை நாற்காலியிலிருந்து சரித்து இழுத்துப்போடுவது என் வேலை. அக்கா சோற்றுப்பானையை விட்டுவிட்டு வரமாட்டாள்; அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். சூடு தாங்காமல் அவர் ஒதுங்குவார், ஒதுங்க இடமிருக்காது. ஒரு தடவை சத்தம் அடங்கி வெகுநேரமாகியும் யாரும் வெளியே வராமல், அங்கேயே பானையைத் திறந்து மூவரும் சாப்பிட்டோம்.

அக்கா அப்போதெல்லாம் மகனைப் பற்றித்தான் பேசுவாள். மேட்டுநிலத்துப் பக்கம் எங்கோ அவனை மாற்றியிருந்தார்கள். “அவன் பக்கத்துலயும் இப்படி ஒரு மேசை இருந்தா நல்லா இருக்கும்,” என்று ஒருநாள் சொன்னாள்.

போரின் கடைசி வசந்தத்தில் மேட்டுநிலம் வடக்குப் படையிடம் விழுந்தது, மத்திய ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தெருவெல்லாம் மூட்டைமுடிச்சோடு வந்தவர்கள். மகனைப் பற்றிச் சேதி இல்லை. வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா போய் நின்று அவனுடைய படைப்பிரிவைச் சொல்லிக் கேட்டாள். பிறகு திரும்பிவந்து மறுநாளைக்கு அரிசி களைந்தாள். கடையை நிறுத்து என்று நான் சொன்னேன். “நடந்து வர்றவங்க பசியோட வர்றாங்களே,” என்றாள். அவன் வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு விடியற்காலை சத்தம் கேட்டது. நான் அவரை இழுத்து மேசைக்கு அடியில் போட்டேன். அக்காவுக்காக இடம் விட்டு உட்கார்ந்தோம். அவள் வரவில்லை. ராக்கெட் சந்தின் முனையில் விழுந்திருந்தது. கடை போட்ட இடத்தில்.

அக்கம்பக்கத்தவர்கள் அவளைக் கதவுப்பலகையில் வைத்துத் தூக்கிவந்து அவள் வீட்டில் கிடத்தினார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் குளிப்பாட்டினேன். அவளுடைய நல்ல உடுப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், எடுத்து உடுத்திவிட்டேன்.

பெட்டிக்குத்தான் வழியில்லை. சவப்பெட்டி செய்கிறவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பாலத்தில் பட்டாளம் முள்கம்பி போட்டு யாரையும் விடவில்லை. எங்கள் பக்கத்துத் தச்சுக்கடைகள் பூட்டிக்கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தின் மூத்தவர் ஒருவர் தலைகுனிந்துகொண்டு, பாயில் சுற்றி விகாரையின் பின்னால் இருக்கிற நிலத்தில் வைத்துவிடலாம், வேறு வழி தெரியவில்லை என்றார். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும். பெட்டி நன்றாக அமைய வேண்டுமென்று வயசானவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் மேசையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

“இந்தா, ஸ்பேனர் எடு,” என்றார்.

“எதுக்கு?”

“இந்தப் பலகையக் கழட்டு. அவங்க தட்டிப் பாத்து எடுத்த மரந்தானே?”

“உங்களுக்கு வேணுமேங்க. எதைப் புடிச்சி எந்திரிப்பீங்க?”

“அத அப்பறம் பாத்துக்கலாம். பாயில சுத்தி அனுப்புறதா அவங்கள? எடு புள்ள.”

போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தன. மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயை அவரே ஒவ்வொன்றிலும் ஊற்றினார். எனக்குப் பிடி வழுக்கிய இடத்தில், ஊன்றுகோலை விலாவில் கொடுத்துச் சாய்ந்து நின்று அவர் திருகினார். மேல்பலகைகள் வந்தன. ஓரத்துப் பலகைகளை எடுக்க, மணல் மூட்டைகளை இழுத்து வெளியே போட்டேன். அக்காவின் புருஷனுடைய ரம்பத்தாலேயே அறுத்தேன். இந்தத் தடவை வெட்டு கோணவில்லை. சந்தில் இருந்த ஆண்கள் நீளப் பலகைகளைப் பிடித்துக்கொண்டார்கள். போல்ட் துளைகளை மெழுகை உருக்கி அடைத்தேன். உட்புறம் எண்ணெய்க் கறை தெரிந்தது, கழுவியும் போகவில்லை. யாரோ உலர்ந்த தேயிலை கொண்டுவந்து அடியில் பரப்பினார்கள். அது அவர்கள் வழக்கம்.

தூக்கியபோது ஆறு ஆண்கள் திணறினார்கள். அவ்வளவு கனம். அவர் சந்தின் வாய்வரை ஊன்றுகோலோடு வந்தார். அதற்கு மேல் வர முடியவில்லை. மகன் இருந்திருந்தால் தலையில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு முன்னால் போயிருப்பான். யாராவது கட்ட வேண்டுமே என்று என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு போனேன்.

சில நாட்களில் ஊர் வடக்குப் படையின் கைக்கு மாறியது. டாங்கிகள் பாலத்தின் அந்தப் பக்கம் போகிற சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டோம். பிறகு திடீரென்று ஒரே அமைதி. தெருவில் போய்ப் பார்த்தால் பட்டாளத்துச் சட்டைகளும் பூட்ஸுகளும் வழியெல்லாம் கழற்றிப் போட்டுக் கிடந்தன.

அக்காவின் மகன் அதற்கு மறுவாரம் வந்தான். பனியனும் அரைக்கால் சட்டையும், காலில் செருப்பில்லை. எவ்வளவு தூரம் நடந்தானோ, பாதம் வீங்கியிருந்தது. தன் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர்தான் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எப்படி நடந்தது, எங்கே வைத்தோம், எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். மேலே ஒன்றுமில்லாமல் கால்கள் மட்டும் நின்றுகொண்டிருந்த மேசைச் சட்டத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அம்மாவுக்கா?” என்று கேட்டான்.

அவர் தலையாட்டினார். பையன் குனிந்து, அவருடைய ஒற்றை முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அவர் அவன் முதுகில் கையை வைத்தபடி, தமிழில், “அழுவுப்பா, அழுவு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவனுக்குப் புரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நான் அவனை விகாரைக்குப் பின்னால் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினேன். ஊதுபத்தி ஏற்றினான். ஒரு கல் தேடிவந்து தலைமாட்டில் நட்டான்.

பழைய அரசின் பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் போய்ப் பேர் கொடுக்க வேண்டும், சில நாள் வகுப்பு நடக்கும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு துணிப்பையில் மாற்று உடுப்பு வைத்துக்கொண்டு அவனும் போனான். போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான். “சீக்கிரம் வந்துடுவேன், சித்தி,” என்றான். போனவர்களில் பலர் சில நாளில் திரும்பிவிட்டார்கள். அவன் வரவில்லை. வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

மேசைச் சட்டத்தின்மேல் எங்கள் தாழ்வாரத்துக் கதவைக் கழற்றி வைத்துக் கட்டினேன். அவர் அதில் வேலை செய்தார். எழுந்திருக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார். நான் போய் முன்னால் நிற்பேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுவார். வேலையும் குறைந்துவிட்டது. நம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் எங்களுக்கும் விமானத்தில் இடம் கிடைத்தது. விமான நிலையத்தில் படிக்கட்டு ஏறும்போது பாதியில் நின்று மூச்சுவாங்கினார். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பையனுடைய சாவியைச் சந்தில் இருந்த மூத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

காரைக்காலில் என் தம்பி வீட்டின் பின்கட்டில் இடம் கொடுத்தான். அங்கே போன புதிதில், மரம் வாங்கட்டுமா, இன்னொன்று செய்யலாம், எனக்குத்தான் இப்போது கைவருமே என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “வேணாம் புள்ள, கையத் தூக்க முடியல,” என்றார். உண்மைதான். அங்கே போன பிறகு அவர் சீக்கிரமே தளர்ந்துவிட்டார். சாயங்காலத்தில் நாற்காலியைக் கிணற்றடியில் போட்டு உட்காரவைப்பேன். இருட்டத் தொடங்கும்போது,

“அந்தப் புள்ள வந்திருப்பான்ல?” என்பார்.

“வந்திருப்பான்.”

“சாவி அவன் கைக்குப் போயிருக்கும்ல?”

“போயிருக்குங்க.”

எங்கள் இருவருக்குமே ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் போன பிறகு தம்பி வீட்டில் யாருக்கும் அந்தப் பையனைத் தெரியாது. அவனைப் பற்றிப் பேசுவதற்கு அதன் பிறகு எனக்கு ஒருவரும் இல்லை.